யாரோடு படிக்கிறது நம் பிள்ளை?

1984 முதல் 1992 வரை உலகிலேயே மிக அதிகமான மாணவர்கள் படிக்கும் பள்ளி என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றிருந்தது, கொல்கத்தாவின் கரியாஹாட் பகுதியில் உள்ள ஒரு தனியார் பள்ளி. சவுத் பாயிண்ட் என்பது அதன் பெயர். 1983-84இல் அங்கே 12,350 பேர் படித்தார்கள். சதிகாந்த குஹா என்ற கல்வியாளர் 1954 ஏப்ரல் 1 அன்று மாண்டெவில் கார்டன்ஸில் தொடங்கிய பள்ளி அது. நகரத்தின் பெயர்பெற்ற பழைய பள்ளிகள் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனியாகவும் பெண்களுக்குத் தனியாகவும் நடந்துகொண்டிருந்த காலத்தில், இருபாலரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தார் அவர்.

இன்று வங்கத்திலோ தமிழ்நாட்டிலோ எந்தத் தனியார் பள்ளியும் தன்னிடம் இத்தனை ஆயிரம் பேர் படிக்கிறார்கள் என்று விளம்பரம் செய்து பெருமைப்படுவது அரிது. வகுப்புக்கு இத்தனை பேர்தான், குளிர்சாதன அறை, நீச்சல்குளம், ஐஐடி பயிற்சி என்றுதான் பெருமை பேசப்படுகிறது. வகுப்பறையில் நெரிசல் குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பவற்றிலேயே பெரியது, பக்கத்து இருக்கையில் யார் இருக்கிறார் என்பதுதான். தனியார் பள்ளிகளை நாம் எடைபோடும்போது இந்த ஒன்றை மட்டும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சவுத் பாயிண்ட் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு ஊரின் வரலாறும் ஒரு காரணம். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் தெற்குக் கொல்கத்தாவின் காலனிகளில் குவிந்திருந்தன. நிலம், வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் மிச்சமிருந்த முதலீடு. பிறகு, 1980களின் தொடக்கத்தில் மாநிலத்தை ஆண்ட இடது முன்னணி அரசு ஐந்தாம் வகுப்புவரை அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தை நீக்கியது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்ற நோக்கத்தில் குறையில்லை. ஆனால், அதே ஆட்சியில் வேலையும் உயர்கல்வியும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தபோது, நடுத்தர வர்க்கம் தன் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்றுவிட்டது. அரசு தன் தவறை உணர்ந்து ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. போனவர்கள் திரும்பவில்லை. அரசுப் பள்ளியைக் கேள்வி கேட்கும் வாயுள்ள பெற்றோர் எல்லாரும் ஒரே தலைமுறையில் அதன் வாசலைவிட்டு நகர்ந்ததுதான் வங்கத்தின் பள்ளிக் கல்விக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

சவுத் பாயிண்டில் படித்த அந்தப் பன்னிரண்டாயிரம் பேருக்கு என்ன கிடைத்தது? உத்பல் தத் அங்கே ஆங்கிலம் கற்பித்திருக்கிறார். வங்க நாடகத்தையும் திரையையும் ஆண்ட அந்த மனிதர்தான். வங்க உரைநடையையே புரட்டிப்போட்ட எழுத்தாளர் கமல்குமார் மஜும்தார் ஓவிய ஆசிரியராக இருந்திருக்கிறார். இயக்குநர் ரிதுபர்ணோ கோஷ் அங்கே படித்தவர். 2019இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் அங்கே படித்தவர்தான். பல ஆயிரம் குடும்பங்கள் கட்டக்கூடிய கட்டணத்தில், ஒரு நகரத்தின் தலைசிறந்த கலைஞர்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்து நிறுத்த ஒரு தனியார் பள்ளியால் முடிந்தது. தனியார் என்றாலே கொள்ளை என்று சொல்வோருக்கு இதை நினைவூட்ட வேண்டும். தனியார் என்றாலே சிலருக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டவர்களுக்கு இதை இன்னும் உரக்க நினைவூட்ட வேண்டும்.

ஆனாலும், அந்தப் பெரிய கதவுக்கும் ஓர் எல்லை இருந்தது. அபிஜித் பானர்ஜி வளர்ந்த வீட்டை ஒட்டி ஒரு பெரிய பஸ்தி, அதாவது குடிசைப் பகுதி, இருந்தது. அங்கிருந்த பிள்ளைகளோடு அவர் தெருவில் விளையாடியிருக்கிறார். காலையில் அவர் போன பள்ளிக்கு அவர்கள் போகவில்லை. விளையாட்டுக்கு ஒன்றாக இருந்தவர்கள் படிப்புக்குப் பிரிந்துபோனார்கள். பின்னாளில் அவரும் பொருளாதார அறிஞர் எஸ்தர் டூஃப்லோவும் மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து ஆய்வு செய்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அந்தப் பகுதியின் இளம்பெண்களைக் கொண்டு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்கச் செய்தார்கள். பின்தங்கியிருந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். முதல் வரிசைப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே நம் பள்ளிகள் பாடத்தை ஓட்டுகின்றன என்பதே அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. கரியாஹாட்டில் வளர்ந்த ஒருவர் அதைச் சொல்வதில் எனக்கு வியப்பில்லை.

இன்றைய கரியாஹாட்டுக்கு வருவோம். விடியற்காலையில் சந்துகளுக்குள் பூல் கார்கள் நுழைகின்றன. பள்ளிக்கு ஏழெட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஏற்றிச் செல்லும் வேனுக்கு அங்கே அதுதான் பெயர். மேம்பாலத்துக்குக் கீழே கடைக்காரர்கள் இன்னும் தார்ப்பாயை விலக்கியிருக்க மாட்டார்கள். மதியத்துக்குமேல் பள்ளி விட்டதும் நாள் முடிந்துவிடுவதில்லை. வீட்டில் ஒரு வாய் சோறு, பிறகு டியூஷன். இயற்பியலுக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர், வேதியியலுக்கு ஒருவர். அடுக்குமாடி வீடுகளின் முன்னறைகளில், தரையில் விரித்த பாயில், பத்துப் பதினைந்து பேராக உட்கார்ந்து இரவு எட்டு, ஒன்பது மணிவரை நடக்கும் அந்த வகுப்புகள்தான் பல குடும்பங்களுக்கு உண்மையான பள்ளி. காலையில் போவது வருகைப் பதிவுக்கும் சான்றிதழுக்கும் என்றாகிவிட்டது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் இது உச்சத்துக்குப் போகிறது.

பள்ளிக்கு ஒரு முறை, அதே பாடத்துக்கு டியூஷனில் இன்னொரு முறை எனப் பெற்றோர் இருமுறை பணம் கட்டுகிறார்கள். 2025இல் மத்திய அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ஆகும் சராசரிச் செலவைக் கணக்கிட்டது. அரசுப் பள்ளியில் 2,863 ரூபாய், மற்ற பள்ளிகளில் 25,002 ரூபாய். நாட்டு மாணவர்களில் 27 விழுக்காட்டினர் தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள் என்றும் அது சொன்னது. இவை நாடு முழுவதற்குமான சராசரி. கரியாஹாட்டில் ஒரு பிள்ளையை மேல்நிலை அறிவியல் பிரிவில் படிக்கவைக்கும் குடும்பம் இந்த எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடும்.

இதற்குள் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையின் பாடு இன்னும் கொஞ்சம் கூடுதல். ராஷ்பிஹாரி அவென்யூவிலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் மூன்று, நான்கு தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். வாழை இலையும் மல்லிகைச் சரமும் காபிப்பொடியும் கிடைக்கும் சந்தை அது. வெள்ளைக்கார கம்பெனிகளின் கணக்கு எழுதவும் தட்டச்சு அடிக்கவும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தனியார் பள்ளிகளில் படிக்கிறார்கள். வகுப்பில் ஆங்கிலம், நடைபாதையில் வங்காளம், இரண்டாம் மொழியாகப் பெரும்பாலும் இந்தி அல்லது வங்காளம், வீட்டில் தமிழ். நான்கு மொழிகளைச் சரளமாகப் பேசும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நான் மகிழ்ந்திருக்கிறேன். ஆனால், பாட்டி எழுதிய கடிதத்தை அவர்களால் படிக்க முடிவதில்லை. தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் பாரதி தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளுக்கும் விடப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையையோ டியூஷன் பிடித்துக்கொள்கிறது.

பிள்ளையைப் பூல் காரில் ஏற்றிவிட வாசலுக்கு வருபவர் பல வீடுகளில் அம்மா இல்லை, மாஷி என்று அழைக்கப்படும் வீட்டுப் பணிப்பெண். கேனிங் லோக்கலிலோ லட்சுமிகாந்தபூர் லோக்கலிலோ இருட்டோடு கிளம்பி, பாலிகஞ்சில் இறங்கி நடந்து வருபவர். இந்தப் பிள்ளைக்குத் தலைவாரி, டிபன் கட்டி, பையைத் தோளில் மாட்டிவிடும் அவருடைய பிள்ளை தெற்கு இருபத்துநான்கு பர்கனா மாவட்டத்தின் ஏதோ ஓர் அரசுப் பள்ளியில் படிக்கிறது. அந்தப் பள்ளிகளின் நிலை என்ன? ஆசிரியர் நியமனத்தில் நடந்த மோசடியைக் காரணம் காட்டி 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் மேற்கு வங்கத்தில் 25,753 பணி நியமனங்களை ரத்துசெய்தது. லஞ்சம் கொடுத்தவர்களோடு நேர்மையாகத் தேர்வு எழுதி வந்தவர்களும் வேலையை இழந்தார்கள். பாடம் நடத்தும் ஆளையே வழக்கில் பறிகொடுத்த பள்ளிகள் எத்தனையோ. அதனால் மாஷியும் டியூஷனுக்குப் பணம் கட்டுகிறார். ஊரகப் பிள்ளைகளின் கற்றல் நிலையைக் கணக்கெடுக்கும் ஏஸரின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி மேற்கு வங்கத்தின் ஊரகப் பகுதிகளில் எட்டாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளில் சுமார் 74 விழுக்காட்டினர் கட்டணம் கட்டித் தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். நாட்டின் ஊரகச் சராசரி 30.5.

ஒரே வீட்டு வாசலில் தினமும் தொட்டுப் பழகும் இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள், பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் ஒருநாள்கூட ஒரே பெஞ்சில் உட்காராமல் வளர்கிறார்கள். தனியார் உயர்நிலைப் பள்ளியில் படிப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், எனக்கு முதலில் தோன்றும் பதில் இதுதான். ஆய்வகம் நன்றாக இருக்கும், மேடையில் பேசக் கூச்சம் போகும், நல்ல நண்பர்கள் கிடைப்பார்கள். ஆனால், அந்த நண்பர்கள் எல்லாருடைய வீட்டிலும் ஒரு மாஷி இருப்பார்.

கட்டணம் என்று வந்தால் பெற்றோர் ஒன்றுசேர்ந்து போராடத் தெரிந்தவர்கள்தான். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கொல்கத்தாவின் 145 தனியார் பள்ளிகள் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் அக்டோபர் 13 அன்று தீர்ப்பளித்தது. கட்டணத்தைக் குறைந்தது 20 விழுக்காடு குறைக்க வேண்டும், பயன்படுத்தாத வசதிகளுக்குப் பணம் கேட்கக் கூடாது, அந்த ஆண்டில் செலவைவிட வரவு ஐந்து விழுக்காட்டுக்குமேல் கூடக் கூடாது என்றது. குறைப்பில் கைவைக்க உச்ச நீதிமன்றமும் மறுத்தது. வேலையிழந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பு மூச்சுவிட இடம் கொடுத்தது. தமிழ்நாடு இதில் முன்னோடி. 2009இலேயே கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவரப்பட்டு, நீதிபதி கோவிந்தராஜன் குழு பள்ளிவாரியாகக் கட்டணம் நிர்ணயித்தது. இந்தப் போராட்டங்களை நான் மதிக்கிறேன். ஆனால், இத்தனை ஆண்டுகளில் எந்த ஊர்ப் பெற்றோர் சங்கமும் எங்கள் பிள்ளையின் வகுப்பில் ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுத் தெருவில் இறங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்கிறது. மேற்கு வங்கத்தில் அது பெயரளவைத் தாண்டவில்லை. அங்கே பெயர்பெற்ற பள்ளிகளில் பல கிறிஸ்தவ சிறுபான்மை நிறுவனங்கள். அவற்றுக்கு 2012லும் 2014லும் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்துவிட்டது. அந்த விலக்கு சரிதானா என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வே ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது.

சட்டம் வற்புறுத்தாமலே இதைச் செய்து காட்டிய பள்ளி ஒன்று அதே நகரத்தில் இருக்கிறது. பாலிகஞ்சில் ரயில் ஏறினால் பார்க் சர்க்கஸ், அடுத்தது சியால்தா. அங்குள்ள லொரேட்டோ பள்ளிக்கு 1979இல் முதல்வராக வந்தார் அயர்லாந்தில் பிறந்த சிஸ்டர் சிரில் மூனி. கட்டணம் கட்டும் வீட்டுப் பெண்களுக்கான ஆங்கிலப் பள்ளி அது. அவர் ஆண்டுக்கு ஆண்டு ஏழைச் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டே போனார். ஒருகட்டத்தில் மாணவிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் கட்டணம் கட்டாதவர்கள். 1985 முதல், நிலையத்தைச் சுற்றித் தெருவில் திரிந்த சிறுமிகள் எந்த நேரத்தில் வந்தாலும் நுழையலாம் என்று பள்ளியைத் திறந்துவைத்தார். ரெயின்போ என்று அதற்குப் பெயர். கட்டணம் கட்டிப் படித்த மாணவிகளே பாடவேளையின் ஒரு பகுதியாக அந்தச் சிறுமிகளுக்கு எழுத்தறிவித்தார்கள். பள்ளியின் தரம் இறங்கிவிடவில்லை, வசதியான பெற்றோர் ஓடிவிடவும் இல்லை. 2011வரை முதல்வராக இருந்த அவர் 2023இல் கொல்கத்தாவில் காலமானார்.

அது ஒரு தனிமனிதரின் அருள் என்று ஒதுக்கிவிடுவோருக்கு டெல்லியிலிருந்து ஒரு சான்று உண்டு. அரசு நிலத்தைச் சலுகையில் பெற்ற அங்குள்ள உயர்தரத் தனியார் பள்ளிகள், 2007 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த வகுப்புகளில் படித்த வசதியான பிள்ளைகளிடம் என்ன மாற்றம் என்று பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளோடு படித்தவர்கள் பிறருக்குக் கொடுப்பதில் தாராளமாக இருந்தார்கள். ஓட்டப்பந்தயத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஏழை என்பதற்காக ஒருவரை ஒதுக்குவது அவர்களிடம் குறைந்திருந்தது. மதிப்பெண்? ஆங்கிலத்தில் சற்றுக் குறைந்தது, இந்தியிலும் கணக்கிலும் பாதிப்பில்லை. தன் பிள்ளை நல்ல மனிதனாக வர வேண்டும் என்று சொல்லாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. அதற்கு வழி, கட்டணப் பட்டியலில் இல்லாத இந்தப் பக்கத்து இருக்கைதான்.

தமிழ்நாட்டில் 25 விழுக்காடு ஒதுக்கீடு பல ஆண்டுகளாக நடக்கிறது, லட்சக்கணக்கான குடும்பங்கள் பயன்பெற்றிருக்கின்றன. நிதியை யார் கொடுப்பது என்று மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் மூண்ட சண்டையில் 2025-26க்கான சேர்க்கை தள்ளிப்போய் அக்டோபரில்தான் தொடங்கியது. பள்ளி திறந்து நான்கு மாதம் கழித்து! அந்தச் சண்டையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. எல்கேஜியிலிருந்து பத்தாண்டுகள் ஒன்றாகப் படித்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு வாசலில் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். உயர்நிலைப் பள்ளி தொடங்கும் இடத்தில், பதின்மூன்று பதினான்கு வயதில், நட்பும் தன்மானமும் கூர்மைப்படும் பருவத்தில், யார் பணம் உள்ளவர், யார் இல்லாதவர் என்று சட்டமே பிரித்து நிறுத்துகிறது.

நம் அரசுக்கு இது தெரியும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்த 2020ஆம் ஆண்டுச் சட்டம், எட்டாம் வகுப்புவரை அந்த 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு அதன்பின் அரசுப் பள்ளிக்கு மாறியவர்களையும் தகுதியுள்ளவர்களாகச் சேர்த்துக்கொள்கிறது. அந்த அக்கறையைப் பாராட்டுகிறேன். ஆனால், அவர்கள் வெளியேறுவார்கள் என்பதை எதிர்பார்த்தே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்பதும் அதில் தெரிகிறது. அரசுப் பள்ளி தாழ்ந்த இடம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் பல அரசு மேல்நிலைப் பள்ளிகள் தலைநிமிர்ந்து நிற்கின்றன. விரும்பி மாறுகிறவர் மாறட்டும். பணமில்லாததால் மட்டும் ஒரு பிள்ளை தன் வகுப்பைவிட்டு எழுந்து போகக் கூடாது.

தமிழ்நாடு அரசு தன் சொந்தச் சட்டத்தின் மூலம் இந்த 25 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பன்னிரண்டாம் வகுப்புவரை நீட்டிக்க வேண்டும். எட்டாம் வகுப்புவரை வந்துவிட்ட பிள்ளைகளுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள், அவ்வளவுதான். கட்டணக் குழு பள்ளிகளின் கணக்கைப் பார்க்கும்போதே, ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பில் நீடிக்கிறார்கள் என்ற எண்ணையும் கேட்டு வாங்கிப் பள்ளிவாரியாக வெளியிட வேண்டும். பெற்றோரே, வரும் கூட்டத்தில் பேருந்துக் கட்டணத்தையும் வீட்டுப்பாடத்தையும் பற்றிக் கேட்டு முடித்தபின் இதையும் கேளுங்கள்: சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் என் பிள்ளையோடு படித்தவர்களில் இந்த ஆண்டு யார் யார் வரவில்லை, ஏன்?